பேசாமல் இருந்தால்

ஒரு படகும் கடலுக்குப் போகாத காலையில் தாழங்குப்பத்துக்கு ஒரு லாரி ஐஸ் போய்ச் சேர்ந்தது. லாரி ஓட்டுகிற சேட்டு, இறக்க ஆள் வராமல் வெயில் ஏறும் வரை ஹாரன் அடித்துப் பார்த்தான். பிறகு உருகாமல் எஞ்சிய பாளங்களின் மேல் உமியை அள்ளிப் போட்டு மூடிக்கொண்டு திண்டிவனத்துக்குத் திரும்பினான். வழி நெடுக வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

“மரக்காணம் ரோட்டுக்கே தண்ணி தெளிச்சுக்கினு வந்தேன் சார். கோலம் போடத்தான் ஆளு இல்ல,” என்றான்.

ஐஸ் ஆலை முதலாளி தீனதயாளன் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பவானியையும் இளவழகனையும் பார்த்தார். எந்தக் குப்பத்துக்கு மறுநாள் ஐஸ் போகவேண்டும், எப்படிப் போகவேண்டும் என்று ஆலைக்குச் சொல்கிற வெப்சைட்டை அவர்கள் இருவரும்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் சேட்டுவின் போனும் வெப்சைட்டும் சேர்ந்தே ஓடின. சேட்டு தினமும் சாயங்காலம் ஒவ்வொரு குப்பத்துக்கும் போன் போட்டுக் கேட்பான். வெப்சைட்டும் தன் பங்குக்குக் கேட்கும். அந்த வாரம்தான் போனை நிறுத்திவிட்டு வெப்சைட் சொன்னபடி மட்டும் லாரி கிளம்பியது.

“சேட்டு போன்ல கேட்டுக்கினு இருந்த வரைக்கும் ஒரு பாளம் வீணாப் போனதில்லம்மா,” என்றார் தீனதயாளன். “நாளைக்கும் இதே பேஜாருன்னா, உங்க வெப்சைட்ட மூடிட்டு பழையபடி போனே போட்டுக்கிறேன். என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க.”

“நாளைக்கு இப்படி ஆகாது சார்,” என்றாள் பவானி.

இளவழகன் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். என்ன கோளாறு என்பதே இன்னும் தெரியாது.

இருவரும் விழுப்புரத்தில் ஒன்றாக இன்ஜினியரிங் படித்தவர்கள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் சென்னைக்குப் போய்விட, இவர்கள் மட்டும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விதைக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் ஆலைதான் அவர்களுக்கு வந்த முதல் பெரிய வேலை. இது நின்று ஓடினால் அடுத்த ஆலைக்கும் மண்டிக்கும் கொண்டுபோய்க் காட்டலாம். மூடிவிட்டால், இளவழகனுக்குச் சென்னையிலிருந்து வந்து காத்திருக்கும் வேலைக்கு அவன் போய்விடுவான். பவானி தனியாக அந்த அறையை நடத்த முடியாது. இதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் தெரியும்.

வெப்சைட்டை முதலில் எழுதியது இளவழகன். ஒவ்வொரு குப்பத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரிசை, ஒவ்வொரு விவரத்துக்கும் அந்த வரிசையில் ஒரு கட்டம் என்று அமைத்திருந்தான். குப்பத்தின் பெயர், யாரைக் கேட்கவேண்டும், எத்தனை பாளம் என்ற வரைக்கும் அது ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு குப்பங்களின் சொந்த வழக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வடக்குக்குப்பத்துக்கு உடைத்த ஐஸ்தான் வேண்டும்; மற்ற ஊர்களுக்கு முழுப் பாளம். அதற்கு ஒரு கட்டம். ஓர் ஊரில் லாரி அம்மன் கோயிலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அதற்கு ஒரு கட்டம். ஒரே ஒரு குப்பத்தின் ஒரே ஒரு வழக்கத்துக்காகப் போட்ட கட்டம் மற்ற குப்பங்களுக்கெல்லாம் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு புதுக் கட்டத்துக்கும் வெப்சைட்டை நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. சிறிது நாளில் அந்த அட்டவணை, பாதி ஊர் கல்யாணத்துக்குப் போய்விட்ட தெரு மாதிரி இருந்தது.

பவானி அதைக் கலைத்தாள். எல்லாக் குப்பத்துக்கும் பொருந்துகிற வழக்கங்களைப் பொது விதியாக ஓரிடத்தில் எழுதினாள். ஒவ்வொரு குப்பத்தின் வரிசையிலும் ஒரே ஒரு பெட்டியை வைத்தாள். பொது விதியிலிருந்து அந்தக் குப்பம் எதில் வேறுபடுகிறதோ அது மட்டும் அந்தப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் ஒன்று இருந்தால் அது செல்லும். இல்லாவிட்டால் பொது விதி செல்லும்.

“பொட்டின்னு வச்சா கண்டதையும் போடுவாங்க,” என்று அப்போது இளவழகன் எதிர்த்தான். “எத்தன பாளம்னு கேட்ட இடத்துல ‘கொஞ்சம்’னு எழுதி வைப்பாங்க. அதை எந்த லாரியில ஏத்துவ?”

அவன் சொன்னதும் சரிதான். அதனால் பெட்டிக்கு ஒரு வாசல் வைத்தாள். வாசலில் ஒரு பட்டியல்: எந்தெந்தப் பெயரில் விதி போடலாம், அதற்கு எண் வரவேண்டுமா, ஆம், இல்லை மாதிரி குறித்த சொல் வரவேண்டுமா, பொது விதி என்ன. பட்டியலில் இல்லாதது உள்ளே நுழையாது. இன்னொன்றிலும் அவள் கண்டிப்பாக இருந்தாள். பொது விதியை யாருடைய பெட்டிக்குள்ளும் நகல் எடுத்து வைக்கக்கூடாது. வைத்தால், நாளை பொது விதி மாறும்போது நகல்கள் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். பெட்டி காலியாக இருப்பதில் குற்றமில்லை என்றாள்.

ஆலையிலிருந்து அறைக்குத் திரும்பியதும் தாழங்குப்பத்தின் பதிலை எடுத்துப் பார்த்தார்கள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஐஸ் கேட்கும் பொறுப்பில் இருப்பவர்களின் போனுக்கு வெப்சைட்டிலிருந்து ஒரு கேள்வி போகும்: ‘நாளைக்கு ஐஸ் வேண்டுமா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். தாழங்குப்பம் இரண்டையும் அழுத்தவில்லை.

“பதில் வரலைன்னா அனுப்புன்னு நாமதான எழுதி வச்சோம்,” என்றான் இளவழகன். “தெனம் கடலுக்குப் போறவங்க மறந்து அழுத்தாம விட்டா மீன் கெட்டுப்போயிடுமேன்னு. நம்ம மேல தப்பு இல்ல. வேணாம்னா ‘இல்லை’ அழுத்தியிருக்கணும்.”

பவானி பழைய பதில்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். தாழங்குப்பம் ‘ஆம்’ அழுத்திய நாட்கள் நிறைய. அழுத்தாமல் விட்ட நாட்கள் சில. ‘இல்லை’ ஒரு நாளும் இல்லை.

“இவங்க ஒரு தடவகூட ‘இல்லை’ன்னு சொன்னதே கெடையாது இளா.”

“அப்போ பட்டன் வேலை செய்யல.”

“மத்த ஊர்ல செய்யுதே. நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்.”

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் தாழங்குப்பம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம். மைக் செட்டில் அம்மன் பாட்டு. ஆடி மாதக் கூழ் ஊற்றுவதற்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். படகுகள் எல்லாம் மணலில் வரிசையாக ஏறி நின்றன. கோயில் வேலை முடியும் வரை யாரும் வலையைத் தொடமாட்டார்கள்.

தாழங்குப்பத்துக்கு ஐஸ் சொல்கிறவள் சின்னபொண்ணு. புதுச்சேரி மார்க்கெட் வரைக்கும் மீன் அனுப்புகிற வியாபாரி. சுற்றிலும் உள்ள குப்பங்களில் எல்லாம் ஏலம் எடுக்கிறவள். ஏலக் கூடத்தின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, போனில் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். பவானியைப் பார்த்ததும் போனை மடியில் வைத்தாள்.

“கம்ப்யூட்டர் பொண்ணு தானே நீ? காலையில ஊருக்கே ஐஸ் அனுப்பி வச்சியே. அம்மனுக்கு ஐஸ்ல கூழ் காச்ச சொல்றியா?”

“தப்பு எங்க நடந்ததுன்னு பாக்கத்தான் வந்தேன்கா. போன்ல கேள்வி வந்துச்சா உங்களுக்கு?”

“வராம? விளக்கேத்தி வச்சிட்டுத் திரும்புறேன், டிங்குன்னு வருது.”

“அப்போ ‘இல்லை’ன்னு ஒரு அழுத்து அழுத்தியிருக்கலாமே.”

சின்னபொண்ணு நெஞ்சில் கை வைத்தாள்.

“விளக்கு வச்ச நேரத்துல, காப்புக் கட்டின ஊர்ல, ஐஸ் இல்லைன்னு நான் சொல்றதா? நாளைக்குக் கடலம்மா மீன் இல்லைன்னு சொன்னா நீ வந்து குடுப்பியா?”

பவானிக்குச் சட்டென்று புரிந்தது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் அவள் வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு யார் வந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை கேட்டாலும், உப்பு கேட்டாலும் இல்லை என்கிற சொல் அம்மா வாயிலிருந்து வராது. ‘காலையில வா’ என்பாள். கேட்டவர்களும் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். அதே வீட்டில் வளர்ந்தவள்தான், அதே நேரத்துக்கு, ‘இல்லை’ என்கிற பொத்தானை எல்லார் கையிலும் கொடுத்திருக்கிறாள்.

“சேட்டு கேக்கும்போது மட்டும் எப்படிக்கா சொல்லுவீங்க?”

“சேட்டு எங்க ஐஸ் வேணுமான்னு கேப்பான்? ‘அக்கா, கோயில் வேலை எப்படி நடக்குது’ம்பான். ‘ஜோரா நடக்குதுடா’ம்பேன். ‘சரிக்கா’ன்னு வச்சிடுவான். அவ்ளோதான்.”

“பட்டன்ல வேற பேரு போட்டா? ‘அப்புறம் பாக்கலாம்’னு?”

“என்ன பேரு போட்டாலும் வேணாம்னுதானே அர்த்தம்? நீ பேர மாத்தினா சாமிக்குத் தெரியாதா? வேணும்னா அழுத்துவேன். அழுத்தலைன்னா வேணாம். இதுகூடவா உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது?”

கேள்வியைச் சீக்கிரமே, மதியமே அனுப்பலாமா என்று பவானி யோசித்தாள். அதுவும் ஆகாது. சாயங்காலம் கடலைப் பார்த்த பிறகுதான் மறுநாள் போவதா வேண்டாமா என்று ஆண்கள் முடிவு செய்வார்கள். விளக்கு வைக்கிற நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை.

அப்போது இளவழகன் கூப்பிட்டான். பின்னணியில் ஆலை மோட்டார் இரைந்தது.

“பவானி, முதலாளி என்னை ஆலைக்கு வரச் சொல்லிட்டாரு. பக்கத்துலயே நிக்கிறாரு. பதில் வரலைன்னா யாருக்கும் ஐஸ் கெடையாதுன்னு இப்பவே மாத்தச் சொல்றாரு.”

“மாத்தினா வடக்குக்குப்பம்?”

“அதத்தான் சொல்றேன். அவங்க ஒரு நாளும் எதையும் அழுத்தினதில்ல. தெனம் ஐஸ் போவுது. இன்னிக்கு மாத்தினா நாளைக்கு அங்க மீன் நாறும்.”

போன் கைமாறியது. தீனதயாளனின் குரல் வந்தது.

“எனக்கு வீணாப்போற ஐஸ் நிக்கணும்மா. பேசலைன்னா கெடையாது. அதுதான் இனிமே என் பொது விதி.”

“சரி சார். பொது விதி நீங்க சொல்றதுதான்,” என்றாள் பவானி. “ஆனா எந்தக் குப்பத்துல பேசாம இருந்தா வேணும்னு அர்த்தமோ, அது அவங்க பொட்டியில போயிடும். இன்னிக்குக் கேள்வி போறதுக்குள்ள முடிச்சிட்றேன். போனை இளவழகன்கிட்ட குடுங்க.”

இளவழகன் போனுக்கு வந்ததும் வேகமாகச் சொன்னாள். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது இதுவரை நிரலுக்குள் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. அதை அங்கிருந்து எடுக்கவேண்டும். வாசல் பட்டியலில் ஒரு புதுப் பெயர் சேர்க்கவேண்டும்: ‘பேசாமல் இருந்தால்’. அதன் மதிப்பு அனுப்பு, அல்லது அனுப்பாதே. பொது விதி, அனுப்பாதே.

“வெப்சைட்ட நிறுத்த வேணாமா?”

“வேணாம். பொட்டி ஏற்கெனவே இருக்கு. உள்ள போறது மட்டும்தான் புதுசு.”

“சரி. பொது விதிய நான் போட்டுட்றேன்,” என்றான் இளவழகன். “ஆனா எந்தக் குப்பம் எப்படின்னு நமக்கு எப்படித் தெரியும்? சேட்டுவக் கேட்டா, நான் கேப்பேன், அவங்க சொல்லுவாங்கன்னுதான் சொல்றான்.”

பவானி சின்னபொண்ணுவைப் பார்த்தாள். சின்னபொண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“அக்கா, ஒவ்வொரு குப்பமா சொல்றேன். அங்க ஐஸ் சொல்றவங்க பதிலே பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு சொல்லுங்க.”

“இதென்ன பெரிய கணக்கா? பொண்ணு பாக்க வந்த வீட்டுல பொண்ணு பேசாம தலை குனிஞ்சா சரின்னு அர்த்தம். மாமியாகாரி பேசாம இருந்தா வேணாம்னு அர்த்தம். நீ ஊரச் சொல்லு, எது பொண்ணு எது மாமியான்னு நான் சொல்றேன்.”

கூடத்தில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பவானியும் சிரித்துக்கொண்டே போனில் பெட்டிகளைத் திறந்தாள்.

“வடக்குக்குப்பம்?”

“பொண்ணு. அங்க ஐஸ் சொல்ற பாண்டுரங்கன் வாயத் திறக்கவே காசு கேப்பான். ஐஸ் போய்க்கினே இருக்கணும். நிறுத்தணும்னா மட்டும் ஊரே கேக்கக் கத்துவான்.”

பவானி வடக்குக்குப்பத்தின் பெட்டியில் ‘அனுப்பு’ என்று போட்டாள்.

“பனைமேட்டுக்குப்பம்?”

“மாமியா. எங்க ஊரு மாதிரிதான்.”

அந்தப் பெட்டியில் அவள் எதையும் போடவில்லை. பொது விதியே அங்கே பொருந்தியது. தாழங்குப்பத்தின் பெட்டியும் அப்படியே இருந்தது.

“ஏன்டி எங்க ஊருக்கு ஒன்னும் எழுதல?”

“உங்க ஊரு வழக்கம்தான்கா இப்போ பொது விதி.”

சின்னபொண்ணு அதைக் கேட்டு முதுகை நிமிர்த்தினாள். “பின்ன?” என்றாள். தோரணம் கட்டியவர்கள் பக்கமும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஊராக முடிந்து, கடைசியாகக் கல்லுமேட்டுக்குப்பம் வந்தது. சின்னபொண்ணு யோசித்தாள்.

“அங்க ரெண்டு கட்சி. ஒருத்தன் வேணும்பான், ஒருத்தன் வேணாம்பான். சண்ட முடியலைன்னா பேசாம இருப்பாங்க. அவங்க பேசலைன்னா என்ன அர்த்தம்னு அவங்களுக்கே தெரியாது.”

அனுப்பு என்று போட்டால் பாதி நாள் வீண். அனுப்பாதே என்று விட்டால் பாதி நாள் மீன் கெடும். பவானி இளவழகனைக் கூப்பிட்டாள்.

“இளா, வாசல்ல இன்னொரு சொல் சேத்துக்கோ. ‘கேள்’.”

“கேள்னா?”

“பதில் வரலைன்னா சேட்டுவோட போனுக்கு ஒரு மெசேஜ் போவணும். அவரு கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லணும். அந்த ஒரு ஊருக்கு மட்டும்.”

போனில் அவன் பக்கத்திலிருந்து சேட்டுவின் குரல் கேட்டது. “அத்தன ஊர எடுத்துக்கினு எனக்கு அந்த சண்டக்கார ஊர மட்டும் குடுக்கிறீங்களா? ஏன் பாப்பா, என் மேல என்ன கோவம்?”

“நீங்கதான்ணே அவங்களப் பேச வைப்பீங்க,” என்றாள் பவானி.

“ஜல்தி பண்ணுங்க, நேரமாவுது,” என்றார் தீனதயாளன்.

பவானி கல்லுமேட்டுக்குப்பத்தின் பெட்டியில் ‘கேள்’ என்று எழுதிச் சேமித்தாள். வாசல் அதை உள்ளே விட்டது. வெப்சைட் ஒரு நொடியும் நிற்கவில்லை. கோயிலில் விளக்கேற்றி மணி அடித்தபோது சின்னபொண்ணுவின் மடியில் போன் டிங் என்றது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் திருப்பி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஆலை முற்றத்தில் லாரி நின்றது. தீனதயாளன் தானே வந்து, எந்த ஊருக்கு ஏற்றவேண்டும் என்று வெப்சைட் சொன்னதைத் திரையில் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“தாழங்குப்பமும் பேசல, வடக்குக்குப்பமும் பேசல. ஒருத்தருக்கு ஏத்துது, ஒருத்தருக்கு ஏத்தல. இது என்னம்மா நியாயம்?”

“ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க சார்,” என்றாள் பவானி. “அவங்கவங்க ஊரு வழக்கப்படி.”

“இன்னிக்கும் தண்ணியா ஒழுகிக்கினு திரும்பி வந்தா?”

“ஏத்தச் சொல்லுங்க சார்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கலக்கம் எதுவும் தெரியவில்லை. கையைத் தூக்கி ஆட்டினார். பாளங்கள் சறுக்குப் பலகை வழியே லாரிக்குள் இறங்கின.

லாரி போன பிறகு இளவழகன் விதைக்கடை மாடிக்குப் போகவில்லை. பவானியோடு ஆலையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் போனில் இரண்டு முறை சென்னை நம்பர் வந்தது. இரண்டு முறையும் எடுக்கவில்லை.

“எடுத்துப் பேசு,” என்றாள் பவானி.

“லாரி வரட்டும்.”

வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே லாரி திரும்பி வந்தது. சேட்டு இறங்கிப் பின் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே ஈர உமியைத் தவிர ஒன்றும் இல்லை.

“வடக்குக்குப்பத்துல வண்டி நிக்கறதுக்குள்ள இழுத்துப் போட்டுக்கினாங்க,” என்றான். “பாண்டுரங்கன் ஒரு வார்த்த பேசல. கல்லுமேட்டுல நேத்து கேட்டப்போ ரெண்டு கட்சியும் என்னத் திட்டுச்சு. அப்புறம் பாதி லோடு போதும்னு ஒத்துக்கினாங்க. பாதிதான் ஏத்திக்கினு போனேன், பாதிதான் எறக்கினேன். தாழங்குப்பத்து வழியாத்தான் வந்தேன். சின்னபொண்ணு அக்கா நிறுத்தி ஒரு சொம்பு கூழு குடுத்துச்சு.”

தீனதயாளன் லாரிக்குள் ஏறி உமியைக் காலால் தள்ளிப் பார்த்தார். அடியில் ஒரு துண்டு ஐஸ்கூட மிஞ்சவில்லை. இறங்கி வந்தார். மூடுகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

“இந்தப் பொட்டி குப்பத்துக்கு மட்டுந்தானா, இல்ல லாரிக்கும் வைக்கலாமா?” என்று கேட்டார். “ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரிம்மா. ஒன்னு மணல்ல எறங்கும், ஒன்னு எறங்காது. ஒன்னுலதான் ஐஸ் உடைக்கிற மிஷின் இருக்கு. எதை எங்க அனுப்பறதுன்னு தெனம் என் மண்ட காயுது.”

பவானி வாய் திறப்பதற்குள் இளவழகன் பதில் சொன்னான்.

“வைக்கலாம் சார். லாரிக்குப் பொது விதி ஒன்னு, வண்டிக்கு வண்டி ஒரு பொட்டி. அதே வாசல்தான். வர்ற மாசம் முழுக்க நான் இங்கதான் இருப்பேன், உக்காந்து முடிச்சிட்றேன்.”

பவானி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சென்னை நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே முற்றத்தின் ஓரத்துக்கு நடந்தான். வரமுடியாது என்று அவன் சொல்வது மோட்டார் இரைச்சலிலும் அவளுக்குக் கேட்டது.

“சேட்டண்ணே,” என்றாள் அவள். “உங்க வண்டியிலேயே ஆரம்பிக்கலாம். மத்த வண்டிக்கும் உங்க வண்டிக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க.”

சேட்டு லாரியின் முகப்பில் சாய்ந்து நின்று, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிறவன் மாதிரி சொல்லத் தொடங்கினான். மணலில் இறங்கும், ஆனால் ஈர மணலில்தான். வலது கதவு திறக்காது. மேட்டில் முக்கால் லோடுதான் இழுக்கும். பவானி வாசல் பட்டியலுக்கான பெயர்களை மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்புறம் ரிவர்ஸ் கியரு விழாது. அத எந்தப் பொட்டியில போடுவ பாப்பா?”

“அத மெக்கானிக் ஷெட்டுல போடணும்,” என்றார் தீனதயாளன். “இன்னிக்கே கொண்டுபோ.”